ஒரே துண்டில் ஆறு வால்வுகள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அங்கு நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் ஐந்து மாதமாக நீ என் ஃபோனை எடுக்காததிலேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. போன வாரம் கடை ஃபோனிலிருந்து கூப்பிட்டேன். "ஹலோ" என்றாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அந்த ஒரு ஹலோவிலேயே உனக்குச் சளி பிடித்திருப்பது தெரிந்தது. மாத்திரை ஏதாவது போட்டாயா?

மூக்குக் கண்ணாடிக் கடை வேலை எப்போதும்போல ஓடுகிறது. போன மாதம் பழைய இரும்புக் கடையில் ஒரு கார்னெட் கிடைத்தது. ட்ரம்பெட்டின் குள்ளமான உடன்பிறப்பு என்று நான் சொல்வேனே, அதுதான். யாரோ அதில் பூச்செடி வளர்த்திருக்கிறார்கள். புனலைத் தட்டினால் மண் கொட்டுகிறது. இதையும் சேர்த்தால் என் சேகரிப்பு நாற்பத்தொன்று ஆகிறது. வீட்டில் இவள், இனி ஒன்று வந்தால் அது படுக்க என் கட்டில் பக்கம்தான் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் வேலை பார்த்த தீயணைப்புத் துறை பேண்ட் கூடத்துக் கமிட்டி, அவருடைய ட்ரம்பெட்டைப் பற்றி என்னிடம் கருத்து கேட்டது. முதல் பேண்ட் மாஸ்டர் ஓய்வு பெற்ற நாளில் அத்தான் கையில் கொடுத்த ட்ரம்பெட் அதுதானா, கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டார்கள். படங்கள் அனுப்பினார்கள். உடம்பில் 4118 என்று இருந்தது. விரலால் அழுத்தும் மூன்று வால்விலும் 4163 என்று இருந்தது. இருப்பதை எழுதினேன். சொந்தக்காரர் என்று பார்த்து எழுதினால் நாளைக்கு என் வார்த்தையை யார் நம்புவார்கள்? அத்தானுக்கு என் மேல் கோபம் இருக்காது என்று நினைக்கிறேன். இங்கே வரும்போதெல்லாம் நான் முதலில் அவர் கையில் கொடுப்பது அதே ரகத்தில் என்னிடம் இருக்கும் ட்ரம்பெட்டைத்தான். "வால்வு எப்படி வழுக்குது பாருங்க" என்பேன். மூன்றையும் அழுத்திப் பார்த்து "நல்லா இருக்கு" என்பார். அவ்வளவு நல்ல மனிதர்.

ஒன்றே ஒன்று கேட்கணும். அவர் ட்ரம்பெட்டில் அழுத்தும்போது வால்வு இன்னும் இறுகிப் பிடிக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் தம்பி

---

ஜனவரி 17

தம்பிக்கு,

சளி போய்விட்டது. நீ கொடுத்த மாத்திரையைத்தான் ஐந்து மாதமாக முழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

இனி ஃபோன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், அது எனக்கே தெரியும். சொல்ல இருப்பதை எழுது. எழுத்தில் நீ சமாளிப்பது நன்றாகத் தெரிகிறது.

"இருப்பதை எழுதினேன்" என்கிறாயே, நீ என்ன எழுதினாய் என்று மறந்துவிட்டதா? எனக்கு மனப்பாடம். "இது இரண்டு கருவிகளைச் சேர்த்துச் செய்த ஒட்டு ட்ரம்பெட். உடல் ஒன்று, உயிர் வேறு." நம்பர் பொருந்தவில்லை என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். உனக்கு வசனம் தேவைப்பட்டது. செயலாளர் அதைக் கூட்டத்தில் ஏற்ற இறக்கத்தோடு படித்தார். கைதட்டாததுதான் பாக்கி. உன் அத்தான் முதல் வரிசையில் சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் தேய்த்துக் கொடுத்தேன்.

பின்னாலிருந்து ஒருவன், "அப்போ ஒரிஜினலை எங்கே வித்தாரு?" என்றான். சிரித்தார்கள். முப்பது வருஷம் கூடவே ஊதினவர்கள். அன்றைக்கு ஆரம்பித்தது, இப்போது அவருக்குப் பேரே "ஒட்டு". டீக்கடையில் "ஒட்டு சாருக்கு ஒரு டீ" என்கிறான் ஒருவன். இவரும் வாங்கிக் குடித்துவிட்டு வருகிறார்.

ஓய்வு பெற்ற பிறகும் காலையில் தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பார்த்து நின்று அரைமணி ஊதுவாரே, அது நின்றுவிட்டது. பெட்டியைப் பீரோ மேல் தூக்கிப் போட்டுவிட்டார். எதிர் வீட்டுக்காரி, "என்னக்கா, சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல? என் தம்பி பெரிய நிபுணன் என்று சொல்லவா?

வால்வு பிடிக்கிறதா என்று கேட்கிறாய். பதினான்கு வருஷமாகப் பிடிக்கிறது. உனக்கு என்ன இப்போது திடீர் அக்கறை?

அக்கா

---

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை முடியவில்லை. அந்த வசனம் வேண்டாத வேலைதான். எழுதும்போது எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது, அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. சேகரிப்பவர்களின் பத்திரிகையில் அந்த அறிக்கையை அப்படியே போட்டார்கள், ஒரு கருவியை எப்படி அடையாளம் காண வேண்டும் என்பதற்கு உதாரணமாக. நம்பரைப் பார்த்தே கருவியைச் சொல்லிவிடுவதால், அவர்கள் நடுவில் நான் "நம்பர்" என்று பெயர் வாங்கினவன் இல்லையா.

பதினான்கு வருஷம் என்றாயே, அதைப் பற்றித்தான் கேட்கணும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு வாரம் உங்கள் வீட்டில் இருந்தேனே. பழைய பொருள் கடையில் அத்தானுடையதைப் போலவே ஒரு ட்ரம்பெட் வாங்கி, பெட்டிகூட இல்லாமல் நேராக உங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அன்றைக்கு அத்தானுடையதையும் நானே சுத்தம் செய்து தருகிறேன் என்று வாங்கினேன். அவர் டியூட்டிக்குப் போயிருந்தார். உனக்கு நினைவிருக்கிறதா? இரண்டையும் ஒரே நேரத்தில் கழுவினேனா, தனித்தனியாகவா? துண்டு கொடுத்தாயே, ஒன்று கொடுத்தாயா, இரண்டா?

அவசரம் ஒன்றும் இல்லை. நினைவு வந்தால் எழுது.

உன் தம்பி

---

பிப்ரவரி 2

தம்பிக்கு,

ஒரு துண்டு. நீலத் துண்டு. புதுசு. வேண்டாம்டா, பழசு தருகிறேன் என்றேன். "பித்தளைக்குப் பழசு ஆகாது, கீறிடும்" என்றாய். குளியலறையில் என் துணி ஊற வைக்கும் டப்பில் இரண்டு ட்ரம்பெட்டையும் ஒன்றாகப் போட்டு, கூடத்தில் துண்டை விரித்து, கழற்றினதையெல்லாம் பரப்பி வைத்தாய். நடக்கக்கூட இடம் இல்லை. வால்வு ஆறையும் வரிசையாக நிற்க வைத்து, "பாரு அக்கா, ஆறு சிப்பாய்" என்றாய். அப்போது ஃபோன் வந்து வாசலுக்குப் போய் அரைமணி பேசினாய். எண்ணெய்க் கறை போகவே இல்லை. அந்தத் துண்டு இப்போது சமையலறை வாசலில் கால்மிதியாகக் கிடக்கிறது. வேண்டுமானால் படம் எடுத்து அனுப்புகிறேன், நம்பர் பார்த்துச் சொல்.

ஏன் கேட்கிறாய்?

உனக்குப் பத்து வயதில் அப்பாவின் கைக்கடிகாரத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "அக்கா, அப்பா கடிகாரம் முன்னாடியே ஓடலைதானே?" என்று என்னிடம் வந்து கேட்டாய். இந்தக் கடிதமும் அதே மாதிரி இருக்கிறது. மென்று முழுங்காமல் சொல்.

அக்கா

---

பிப்ரவரி 10

அக்கா,

சொல்கிறேன்.

என்னுடைய ட்ரம்பெட்டின் நம்பர் 4163.

அத்தான் ட்ரம்பெட்டுக்குள் இருக்கும் மூன்று வால்வும் என்னுடையவை. அவருடையவை பதினான்கு வருஷமாக என் அலமாரியில், என் ட்ரம்பெட்டுக்குள் இருக்கின்றன. உன் நீலத் துண்டின் மேல் நான்தான் மாற்றிப் போட்டிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டும் ஒரே ரகம், ஒன்று இரண்டு மூன்று என்ற எண்ணும் ஒரே இடத்தில். அடியில் இருக்கும் சின்ன நம்பரைப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும். ஃபோன் பேசிவிட்டு வந்தேன், நீ சாப்பிடக் கூப்பிட்டாய், அவசரத்தில் சொருகினேன். ஊரார் நம்பரையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவன், என் கையில் இருந்ததைப் பார்க்கவில்லை.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். வால்வும் அது போய் வரும் குழலும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை. என்னுடையது ஒரு மயிரிழை பருமன். அதனால்தான் அவருடையதில் பிடித்தது. அவருடையது ஒரு மயிரிழை மெலிசு. அதனால்தான் என்னுடையதில் வழுக்கிக்கொண்டு போகிறது. நான் பெருமை பேசிய வழுக்கல் அதுதான்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அந்த வருஷம் ஆண்டு விழாவில் அத்தான் தனியாக வாசித்தபோது இரண்டாவது வால்வு கீழேயே மாட்டிக்கொண்டு சுரம் கெட்டதே, நீ அழுதுகொண்டே எனக்கு ஃபோன் செய்தாய். மறுநாள் அவரும் ஃபோனில் கேட்டார், "சுத்தம் பண்ணதுலேர்ந்து பிடிக்குதுப்பா, என்னன்னு பாரேன்" என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வால்வுல ஒண்ணும் இல்ல அத்தான், விரல் மெதுவாயிடுச்சு, வயசாகுதுல்ல." அவருக்கு அப்போது நாற்பத்தாறு. அதற்குப் பிறகு அவரே கேட்டு இரண்டாம் வரிசைக்குப் போனார். ஓய்வு பெறும் வரை முன் வரிசைக்கு வரவில்லை.

இன்னும் முடியவில்லை. அறிக்கையை அனுப்பிய மூன்றாம் நாள் எனக்கு இது தெரிந்துவிட்டது. 4163 என்பது எங்கேயோ பார்த்த நம்பராக உறுத்தியது. என் நோட்டைப் புரட்டினேன், என் கையெழுத்திலேயே இருந்தது. அலமாரியைத் திறந்து என் ட்ரம்பெட்டின் வால்வை வெளியே எடுத்தேன். 4118.

அன்றைக்கே கமிட்டிக்கு எழுதியிருக்கலாம். பத்திரிகை அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வாரம் எழுதலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பத்திரிகை வந்தது, பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கஷ்டம் கூடிக்கொண்டே போனது. உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பூச்செடிக் கதை எழுதிவிட்டு எழுந்தேன்.

மூன்று வால்வையும் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளைக்கே பார்சலில் அனுப்புகிறேன். அத்தானிடம் நீயே சொல்லிவிடு. என்னால் முடியாது.

தம்பி

---

பிப்ரவரி 15

தம்பிக்கு,

பார்சல் அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஒரு நாளைக்கு முந்நூறு துணி என் கையால் போகிறது. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. எந்த வார்டு துணி எந்த வார்டுக்கு என்று ஓரத்தில் கலர் நூலில் ஒரு தையல் போட்டு வைக்கிறேன். ஒன்றுகூட மாறினதில்லை. ஆறே ஆறு சாமான், உனக்கு ஒரு நூல் கட்டத் தோன்றவில்லை. சரி, கை தவறும். அதை மன்னிக்க எனக்கு ஒரு நாள் ஆனது. தெரிந்தும் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தாயே, அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியவில்லை. அந்த ஆறு மாதமும் தெருவில் அவரை ஒட்டு என்று கூப்பிட்டார்கள்.

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

மார்ச் முதல் ஞாயிறு கமிட்டி கூடுகிறது. நீ வா. வால்வை உன் கையால் கொண்டு வா. எந்தக் கூடத்தில் உன் வசனத்தைப் படித்தார்களோ அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால், நீயே எழுதி நீயே படி. வசனம் வேண்டாம். அவரை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

வரும்போது உன் ட்ரம்பெட்டையும் எடுத்து வா. அதன் சொத்து இங்கே இருக்கிறதே.

அக்கா

---

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கட்டிக் கொடுத்த சாப்பாட்டை ரயிலில் சாப்பிட்டேன். ஏழு மாதத்துக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

"ஒரே துண்டில் வைத்து வால்வை மாற்றிப் போட்டது நான், தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான், அவர் ட்ரம்பெட் பேண்ட் மாஸ்டர் கொடுத்த அதே ட்ரம்பெட்தான்" என்று மூன்று வரிதான் கூடத்தில் படிக்க எழுதிக்கொண்டு போனேன். மூன்றாவது வரியை எனக்குள்ளேயே முணுமுணுத்தேன். நீ கடைசி வரிசையிலிருந்து "சத்தமா படி" என்றாய். அது நல்லதாகப் போயிற்று. டீக்கடையில் கூப்பிடுவாரே, அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. அந்த வார்த்தையைச் செய்து கொடுத்தவன் நான். அதே மூன்று வரியைப் பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

அத்தான் இரண்டாவது வரியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் தரையில் உட்கார்ந்து அந்த நீலக் கால்மிதியைத் துவைத்து விரித்து வைத்திருக்கிறார். ஆறு வால்வையும் அதில் வைக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்து, மூன்றைத் தன் பக்கம் வைத்தார். நான் நம்பர் பார்த்தேன். மூன்றும் 4118.

கேட்டது ஒரே கேள்விதான். "ஒரே துண்டாப்பா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். மறுபடியும் "ஒரே துண்டுலயா வெச்சே?" என்றார். ஆமாம் அத்தான், ஃபோன் வந்தது, மாறிவிட்டது என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றார். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. இவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டாரே என்று ரயிலில் வரும்போது மனசு லேசாக இருந்தது. அவர் ஏன் அதையே இரண்டு முறை கேட்டார் என்பதுதான் புரியவில்லை.

உன் தம்பி

---

மார்ச் 18

தம்பிக்கு,

நீ லேசாகப் போனாய் என்று படித்தேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சொல்லாமல் வைத்திருப்பது நம் குடும்பத்தில் ஏற்கெனவே அதிகம்.

நீ போன அன்றைக்கு அவரிடம் கேட்டேன், "நம்பர் பார்க்காமலே எப்படிப் பிரிச்சீங்க?" என்று. சிரித்தார். "இருபது வருஷம் என் விரலுக்குக் கீழ இருந்தது, தெரியாதா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அப்படின்னா அன்னைக்கே தெரியுமா?" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே தெரியுமாம். டியூட்டி முடிந்து வந்து எடுத்து அழுத்தினதுமே தெரிந்துவிட்டதாம், இது தன்னுடைய வால்வு இல்லை என்று. பக்கத்தில் நீ உன் ட்ரம்பெட்டை அழுத்தி அழுத்திச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாயாம். நீ வேண்டுமென்றே மாற்றிவிட்டாய் என்று நினைத்துவிட்டார். நல்ல வால்வை எடுத்துக்கொண்டு உன்னுடையதை அவருக்குப் போட்டுவிட்டாய் என்று.

"வால்வு பிடிக்குது, என்னன்னு பாரேன்" என்று உன்னிடம் கேட்டாரே, அது உனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தானாம். நீ திருப்பிக் கொடுத்துவிடுவாய் என்று. நீ அவர் விரலைக் குறை சொன்னாய்.

எனக்கு வந்ததே கோபம். "ஏன் என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லல? கூடத்துல அத்தனை பேர் சிரிச்சப்போவாவது, மாத்தினது அவன்தான்னு சொல்லியிருக்கலாமே" என்று கத்தினேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "உனக்கு அப்பா அம்மா இல்ல. இருக்கிறது அவன் ஒருத்தன். மூணு பித்தளைத் துண்டுக்காக அவனையும் இல்லாம பண்ணணுமா?"

பதினான்கு வருஷமாக உன்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டுதான் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். உன் கல்யாணத்துக்கு ஊதினார். அன்றைக்கு அவர் கண்ணைத் துடைத்தது வால்வு கிடைத்ததற்காக இல்லை, நீ திருடவில்லை என்பதற்காக. ஒரே துண்டில் கலந்துதான் மாறியது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளத்தான் இரண்டு முறை கேட்டிருக்கிறார்.

கமிட்டிக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். கண்ணாடிப் பெட்டி தயாராக இருக்கிறதாம். இவர் தரமாட்டேன் என்றுவிட்டார். "நான் போன பிறகு வெச்சுக்குங்க, இப்போ எனக்கு வேலை இருக்கு" என்கிறார். காலையில் தொட்டிச் சுவர் முன்னால் நிற்கிறார். விட்ட இடத்திலிருந்து வரவில்லை, உதட்டுக்கு ஊதும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. எதிர் வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள்.

அக்கா

---

மார்ச் 29

அக்கா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனது. நான்கு முறை ஆரம்பித்துக் கிழித்தேன்.

பத்திரிகையில் வந்துவிட்டது, முதல் பக்கத்தில். யாரும் பாராட்டி எழுதவில்லை. அது பரவாயில்லை. என்னால் தாங்க முடியாதது வேறு.

முதல் கடிதத்தில் நான் எழுதினேனே, நினைவிருக்கிறதா? அத்தான் இங்கே வரும்போதெல்லாம் என் ட்ரம்பெட்டை அவர் கையில் கொடுப்பேன் என்று. பதினான்கு வருஷத்தில் எத்தனை முறை வந்திருப்பார் என்று உட்கார்ந்து எண்ணினேன். பதினொன்று. பதினொரு முறையும் அலமாரியைத் திறந்து, துணியால் துடைத்து, "வால்வு எப்படி வழுக்குது பாருங்க அத்தான்" என்று நானே நீட்டியிருக்கிறேன். அவருடையதை அவரிடமே காட்டிப் பீற்றிக்கொள்கிறேன் என்றுதானே அவர் நினைத்திருப்பார்.

பதினொரு முறையும் வாங்கி, மூன்றையும் மெதுவாக அழுத்திப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று சொல்லி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

தம்பி